ஒத்தி வீட்டிலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரை

தென்காசியில் வீடு தேடி ஒரு தெருவுக்குள் நுழைந்தால், முதல் கேள்வி "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதாகத்தான் இருக்கும். ஒத்தி என்றால் வீட்டுக்காரரிடம் மூன்று லட்சமோ நான்கு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். மூன்று வருடக் கெடு என்று எழுதிக்கொள்வார்கள். அந்த மூன்று வருடமும் மாத வாடகை கிடையாது. கரண்டு பில் குடியிருப்பவர் பாடு, வீட்டுத் தீர்வை வீட்டுக்காரர் பாடு. கெடு முடிந்ததும் கொடுத்த பணம் கூடாமல் குறையாமல் கைக்கு வரும். சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். சென்னைப் பக்கம் இதையே போக்கியம் என்கிறார்கள், பெங்களூரில் லீஸ்.

நான் வளர்ந்தது ஒத்தி வீடுகளில். அத்தா சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் சேர்ந்த முதல் பெருந்தொகை ஒத்திக்குத்தான் போயிற்று. எங்கள் தெருவில் பலருக்கும் அதே கதைதான். மகன் வெளிநாடு போக விசாவுக்குப் பணம் வேண்டும், மகளுக்கு நிக்காஹ் வைக்க வேண்டும் என்று வந்துவிட்டால், சொந்த வீடு உள்ளவர் அதை ஒத்திக்கு விட்டுவிட்டுச் சின்ன வீடொன்றுக்கு வாடகைக்குப் போவார். கையில் சேமிப்பு உள்ளவர் அந்த வீட்டில் குடியேறுவார். பணம் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே சஃப்பில் நின்று தொழுவார்கள். வட்டி ஹராம் என்பதில் இருவருக்கும் துளிச் சந்தேகமும் இருக்காது.

இந்த ஒத்தியைப் பற்றித்தான் நான் ஆய்வுக்கட்டுரை எழுதினேன். இஸ்லாமியப் பொருளாதாரம், இஸ்லாமிய நிதி என்று ஆய்வுக்குப் பதிந்துகொள்பவர்களுக்கு வழக்கமாக அமைகிற தலைப்பு வேறு. 'இந்தியாவில் இஸ்லாமிய வங்கி: வாய்ப்புகளும் சவால்களும்' என்ற மாதிரி. அந்தத் தலைப்பில் எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. வங்கிக் கடனில் முஸ்லிம்களின் பங்கு எவ்வளவு குறைவு என்பதை 2006-இல் சச்சார் குழு எண்களோடு எடுத்து வைத்தது. 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு, வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்ய வேண்டும் என்றது. கேரளத்தில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் பங்கேற்ற இஸ்லாமிய நிதி நிறுவனத்தை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கை 2011-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2015-இல் தீபக் மொஹந்தி குழு, சாதாரண வங்கிகளிலேயே வட்டியில்லாச் சேவைக்கென்று தனிப் பிரிவு திறக்கலாம் என்றது. 2017-இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்தது. 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வங்கி சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. அதனால் பொருளை வாங்கி லாபம் வைத்து விற்கும் முராபஹாவுக்கு இடமில்லை. 9-ஆம் பிரிவு, வங்கி தன் தேவைக்கு மேல் வீடு நிலம் வைத்திருப்பதற்குக் கெடு வைக்கிறது. அதனால் சொத்தை வாங்கி வாடகைக்கு விடும் இஜாராவும் கஷ்டம். பக்கத்து இலங்கையில் 2005-இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி வழி திறந்தார்கள். 2011-இல் அமானா வங்கி அங்கே தொடங்கிவிட்டது.

இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். என் கட்டுரையின் முன்னுரையிலும் இதில் கொஞ்சம் வந்தது. ஆனால் வாசிக்க வாசிக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் துறை பிறந்தது சிறுசேமிப்புக்காரர்களின் வாசலில். எகிப்தின் மித் கம்ர் என்ற சிற்றூரில் 1963-இல் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கி, விவசாயிகளுக்காகத் தொடங்கியது. அதே வருடம் மலேசியாவில் உருவான ஹஜ் நிதி அமைப்பு, ஹஜ்ஜுக்காகக் கிராமத்து மக்கள் சிறுகச் சிறுகச் சேர்க்கும் பணத்துக்கு வட்டியில்லாத இடம் தேடியதில் பிறந்தது. வட்டியில்லா வங்கி பற்றி உலகம் முழுக்க வாசிக்கப்பட்ட நூலை எழுதிய நஜாத்துல்லாஹ் சித்தீகி நம் நாட்டுக்காரர், கோரக்பூரில் பிறந்து அலிகரில் பாடம் சொன்னவர். இன்று இந்தத் துறையின் சொத்து மதிப்பு இரண்டு லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஆய்விதழ்களைப் புரட்டினால் ஸுகூக் பத்திரங்கள், பங்குச்சந்தைக் குறியீடு, வங்கிகளின் லாப விகிதம் என்றே பக்கங்கள் நிறைகின்றன. பீடி சுற்றிச் சேமிக்கிற பெண்ணுக்கு அதில் இடமே தெரியவில்லை.

"இல்லாத வங்கியப் பத்தி எழுதறதவிட, இருக்கிற ஒத்தியப் பத்தி எழுதட்டுமா சார்?" என்று நெறியாளரிடம் கேட்டேன். அவர் வேறு மதத்துக்காரர், வணிகவியலில் முதிர்ந்த ஆசிரியர். அவரே முன்பு ஒத்தி வீட்டில் குடியிருந்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "இதுக்கு முன்னால யாரு எழுதியிருக்காங்க?" என்றார். "சட்டத்துல எழுதியிருக்காங்க, ஃபிக்ஹுல எழுதியிருக்காங்க. நம்ம தெருவ வச்சு எழுதினது கண்ணுல படல சார்." "அப்ப எழுதும்மா" என்றார். அவர் அன்று தயங்கியிருந்தால் நானும் வாய்ப்புகளையும் சவால்களையும் எழுதி முடித்திருப்பேன்.

களஆய்வு என்று பெரிய பெயர் வைத்தாலும் நான் செய்தது வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசியதுதான். ஆண்கள் பள்ளிவாசலுக்கோ கடைக்கோ போன நேரமாகப் பார்த்துப் போவேன். ஒத்தித் தொகை எவ்வளவு, கெடு எப்போது, பணம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். ஆண்கள் இருக்கும்போது அவர்கள் வாயைத் திறப்பதில்லை. யார் பெயரும் வராது, தெருப் பெயரும் வராது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன பிறகும் சிலர் தொகையைச் சொல்லத் தயங்கினார்கள். அவர்களை வற்புறுத்தவில்லை.

அவர்களில் ஒரு மாமியை என்னால் மறக்க முடியாது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்த இடத்திலேயே மௌத்தாகிவிட்டார். அங்கிருந்து வந்த பணத்தில் கடன்களைக் கழித்து நாலு லட்சம் மிஞ்சியது. கணவரை இழந்தவர் காத்திருக்கும் இத்தா காலம் முடிந்ததும் அண்ணன்மார் கூடிப் பேசி அந்த நாலு லட்சத்தையும் ஒத்திக்குக் கொடுத்து, இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள வீட்டில் மாமியையும் பிள்ளைகளையும் குடிவைத்தார்கள். நான் போனபோது மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நனைத்து எடுத்த இலையின் மேல் தகட்டை வைத்துக் கத்திரியால் வெட்டுவதும், தூளை ஒரே சீராகத் தூவி உருட்டுவதும், நுனியை நகத்தால் மடக்கி நூலைச் சுற்றுவதும் ஒரே ஓட்டமாக நடந்தது. கேள்விகளுக்கு நிமிராமலே பதில் சொன்னார். வட்டி என்ற சொல் என் வாயில் வந்ததும் கை நின்றுவிட்டது.

"ஏளா, நான் வட்டி திங்கேன்னு மட்டும் எழுதிராத. இந்தப் பணத்த பேங்குல போட்டா மாசா மாசம் வட்டி வரும். அது எனக்கு ஆவாது. பொன்னா வாங்கி வச்சா வாடகைக்கு எங்க போவேன்? வீட்டுக்காரரு என் பணத்துல அவரு புள்ளையக் கட்டிக் குடுத்தாரு. நான் அவரு வீட்டுல குடியிருக்கேன். இதுல யாரு யார ஏமாத்துனா, நீயே சொல்லு."

என் கட்டுரையின் மையக் கேள்வி இதுதான். கடன் கொடுத்தவர் வலியவர், வாங்கியவர் எளியவர், ஆகவே வட்டி அநீதி என்பது நாம் பழகிய வாதம். இங்கே கடன் கொடுத்தவர் பீடி சுற்றும் கைம்பெண். கடன் வாங்கியவர் இருபத்தைந்து லட்சம் பெறுமானமுள்ள வீட்டுக்குச் சொந்தக்காரர்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்த மாதிரி வீட்டுக்கு மாத வாடகை ஐயாயிரம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு அறுபதாயிரம். நாலு லட்சத்துக்கு அறுபதாயிரம் என்றால் வருடத்துக்கு 15 சதவீதம். வீட்டுக்காரர் தெரிந்தவர்களிடம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்கு வாங்கியிருந்தால் 24 சதவீதம் ஆகியிருக்கும். வங்கியில் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கினால் இதைவிடக் குறைவாகவே ஆகும். ஆனால் சம்பளச் சீட்டும் வருமானவரிக் கணக்கும் கேட்பார்கள். கடை வைத்திருப்பவரிடமும் வளைகுடாவிலிருந்து திரும்பியவரிடமும் அது இருப்பதில்லை. தவிர, அவரும் வட்டி கொடுக்க அஞ்சுகிறவர். மாமியின் பக்கம் பார்த்தால் வங்கி வைப்புத்தொகையில் கிடைப்பதைப் போல இரு மடங்கு பலன், கூரையாகக் கிடைக்கிறது. விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் மூன்று வருடம் கழித்துத் திரும்பி வரும் நாலு லட்சத்துக்கு இன்றைய மதிப்பு மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரம்தான். அதையும் கழித்துப் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்தாலும் பலன் அவர் பக்கம்தான். கட்டுரையின் இரண்டாவது அட்டவணை இந்தக் கணக்கு. அதை உருவாக்கும்போது மாமியின் முகம் கண்முன் நின்றது. என்றாலும் எண்களை மாற்றி எழுத முடியாது.

வாடகை என்ன என்று ஊகிக்க முடிகிற இடத்தில்தான் இந்தக் கணக்குப் போட முடியும். குற்றாலத்தில் அது முடியவில்லை. தென்காசியிலிருந்து மேலகரம் தாண்டிக் குற்றாலத்தை நெருங்க நெருங்க, நான் பார்த்த வரையில் ஒத்தி குறைந்துகொண்டே போனது. காரணம் சாரல். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதிப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் ஆகஸ்டு வரை ஊர் நிறைந்திருக்கும். ஐந்தருவிச் சாலையை ஒட்டிய வீடுகளை நாள் வாடகைக்கு விடுவார்கள். சனி ஞாயிறுக்கு ஒரு தொகை, மற்ற நாளுக்கு ஒரு தொகை. அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டுவிட்டால் அன்று ஒன்றும் கிடையாது. மழை பொய்த்தால் சீசனே போச்சு. இப்படி ஏறி இறங்கும் வருமானத்தை நம்புகிறவர் தன் வீட்டை மூன்று வருடம் ஒருவரிடம் ஒப்படைக்க மாட்டார். ஒத்தி நிற்பது நிலையான வாடகையின் மேல், நெருங்கிப் பழகிய தெருவின் மேல். குற்றாலத்தில் உறவினர் வீட்டு மாடியில் உட்கார்ந்து முதல் வரைவை எழுதியதால்தான் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. கட்டுரையில் இதற்கு ஒரு பத்திதான் இடம் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த பத்தி அது. ஷரீஅத் விவாதத்தில் மூழ்கியவர்கள் இந்தப் பொருளாதாரப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

சட்டப் புத்தகத்தைத் திறந்தபோது வேறொரு வெளிச்சம் கிடைத்தது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு பல வகை அடைமானங்களைச் சொல்கிறது. அதன் (ஈ) உட்பிரிவில் வருவது நம் ஒத்தி. சொத்தின் அனுபவத்தைக் கடன் கொடுத்தவரிடம் விட்டு, அதில் வரும் வாடகையையும் பலனையும் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. எதற்காக எடுத்துக்கொள்ளலாம்? வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். அல்லது அசலில் கழித்துக்கொள்ளலாம். அல்லது பகுதி அதற்கும் பகுதி இதற்கும். தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் பட்டென்று சொல்லிவிட்டது: வாடகை இல்லாமல் குடியிருப்பது வட்டிக்குப் பதில். அதே வாக்கியத்திலேயே, அசலில் கழிப்பது என்ற இன்னொரு வாசலையும் அது திறந்து வைத்திருக்கிறது. இந்த ஒரு பிரிவைச் சுற்றித்தான் என் வாதம் முழுக்கக் கட்டப்பட்டது.

நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடைமானத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு. எங்கள் பக்கம் பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பீரோவில் வைத்துவிடுவார்கள். நான் கையில் வாங்கிப் பார்த்த பத்திரங்களில் சிலவற்றில் தொகையும் கெடுவும் மட்டும்தான் இருந்தன. கூரை ஒழுகினால் யார் பார்ப்பது, கெடுவுக்குள் வீட்டுக்காரர் மௌத்தாகிவிட்டால் வாரிசுகளில் யார் பணம் தருவது என்று ஒரு வரி கிடையாது. அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம்.

கட்டுரையின் ஃபிக்ஹ் பகுதிக்கு, அதாவது மார்க்கச் சட்டப் பகுதிக்கு, எங்கள் மத்ரஸா ஹஜரத்திடம் போனேன். திரைக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும், அந்தப் பக்கம் அவர். மாலை நேரத்து மத்ரஸா பிள்ளைகள் ஓதும் சத்தம் நடுநடுவே வரும். கடனால் வரும் எந்தப் பலனும் ரிபா, அதாவது வட்டி என்ற பொது விதியிலிருந்து தொடங்கினார். அடைமானமாக வந்த பொருளை அனுபவிக்கக் கூடாது என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிலை. ஹன்பலி மத்ஹபில், அடைமானமாக வந்த கால்நடைக்குத் தீனி போடுகிறவர் அந்தச் செலவுக்கு ஈடாகப் பாலைக் கறந்துகொள்ளலாம், சவாரி செய்யலாம் என்று ஹதீஸின் அடிப்படையில் ஓர் அனுமதி உண்டு. வீட்டுக்கு அது பொருந்துமா என்று கேட்டேன். "வீடு தீனி கேக்காதும்மா" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் என் கட்டுரையைத் தூக்கி நிறுத்தியது. மத்திய ஆசியாவில் புகாரா மக்கள் கடனில் மூழ்கிக் கிடந்த காலத்தில், வட்டிக்குக் கொடுக்கவும் முடியாமல் சும்மா கொடுக்கவும் ஆளில்லாமல் போனபோது, ஒரு புது ஏற்பாடு பழக்கத்துக்கு வந்தது. வீட்டை விற்பது போல விற்பார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வீட்டையும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு பைஉல் வஃபா என்று பெயர். அந்த வட்டாரத்து ஹனஃபி அறிஞர்கள் பலர் மக்களின் தேவையை முன்னிட்டு இதை ஏற்றுக்கொண்டார்கள். 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டநூல், தேவை, பொதுவானாலும் தனிப்பட்டதானாலும், நிர்ப்பந்தத்தின் இடத்தைப் பெறும் என்ற தன் 32-ஆம் விதிக்கு இந்தப் புகாரா மக்களைத்தான் உதாரணமாகக் காட்டுகிறது. 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி இந்த விற்பனையை அனுமதிக்க முடியாது என்று தீர்மானித்தது. உள்ளபடி இது பலன் தரும் கடன்தான் என்பது அதன் காரணம்.

புகாராவின் கடன்காரர்களையும் எங்கள் தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன், எங்கோ ஒரு ஊரில், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒருவரும் பணத்தை வைத்துக்கொண்டு வட்டிக்கு அஞ்சிய ஒருவரும் வந்து சேர்ந்த அதே முட்டுச்சந்துக்கு நாங்களும் வந்து நிற்கிறோம். அறிஞர்கள் அவர்களைத் துரத்திவிடவில்லை, உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சு தமிழில், எங்கள் ஜமாஅத்தில் நடக்க வேண்டும் என்று அன்றுதான் உறுதியாகத் தோன்றியது.

எழுதி முடித்த பின் வெளியிடும் பாடு தனி. முனைவர் பட்ட மாணவர் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்ற யுஜிசி கட்டாயம் 2022 விதிகளோடு போய்விட்டது. ஆனால் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கேட்கிறார்கள். அதனால் கட்டுரை வியாபாரம் ஓயவில்லை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சில் வரும் என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். யாரும் வாசித்துப் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்காமல், ரசீதுக்கு வெளியாகும் கட்டுரைகள். ஓர் இதழிலிருந்து நான் கட்டுரை அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது, கூடவே வங்கிக் கணக்கு எண்ணும். பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். மற்ற துறைகளில் இது எப்படியோ, ஹலாலான சம்பாத்தியத்தைப் பற்றி எழுதிய ஒன்றை அந்த வழியில் வெளியிட மனம் இடம் தரவில்லை.

பிறகு அனுப்பிய இதழில் இரண்டு மதிப்பீட்டாளர்கள். யார் எவர் என்று எனக்கும் தெரியாது, நான் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. மாதங்கள் கழித்து வந்த குறிப்புகளைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. இருவருமே வரி விடாமல் வாசித்திருந்தார்கள். ஒருவர் ஃபிக்ஹ் தெரிந்தவர். ரஹ்ன் என்ற அடைமானம், பைஉல் வஃபா, இஜாரா மூன்றையும் பிரித்துக் காட்டி, ஒத்தி எதில் சேரும் என்று முடிவாகச் சொல்லுங்கள் என்றார். மற்றவர் பொருளாதாரக்காரர். தென்கொரியாவின் ஜொன்ஸே முறையோடு ஒப்பிடச் சொன்னார்.

அந்த ஒப்பீடு என் கண்ணைத் திறந்தது. கொரியாவிலும் மொத்தத் தொகை கொடுத்து மாத வாடகை இல்லாமல் குடியிருக்கிறார்கள். ஈரானில் முழு ரஹ்ன் என்ற பெயரில் இதே வழக்கம், பொலிவியாவிலும் உண்டு. ஆனால் கொரியாவில் கொடுக்கும் தொகை வீட்டு விலையில் பாதிக்கு மேல் போகும். என் உதாரணத்தில் அது ஆறில் ஒரு பங்கு. அங்கே வீட்டு விலை சரிந்தபோது, 2022, 2023 வாக்கில், ஏராளமான குடித்தனக்காரர்கள் கொடுத்த பணம் திரும்பாமல் தவித்தார்கள். இங்கே வீட்டின் மதிப்பு ஒத்தித் தொகையைப் போல ஆறு மடங்கு என்பதால் மாமியின் பணத்துக்குப் பின்னால் வலுவான ஈடு இருக்கிறது. ஆனால் பதிவு செய்யாத பத்திரத்தை வைத்துக்கொண்டு அந்த ஈட்டைப் பிடிக்க முடியாது. கையிலிருக்கும் பாதுகாப்பு வீட்டுச் சாவி ஒன்றுதான். பணம் தராதவரை சாவியைத் தராமல் உட்கார்ந்திருக்கலாம். கெடு முடிந்தும் வருடக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்தேன்.

அந்தப் பொருளாதாரக்காரரின் கடைசிக் குறிப்புதான் கடினமானது. வாடகையை அசலில் கழிக்கும் ஒத்தி ஆகுமானது என்று முடிக்கிறீர்கள், அதனால் அந்தக் கைம்பெண்ணுக்கு என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். கணக்கு தெளிவானது. மாதம் ஐயாயிரம் வீதம் கழித்தால் நாலு லட்சம் எண்பது மாதத்தில் தீர்ந்துவிடும். ஆறு வருடம் எட்டு மாதத்தில் மாமியிடம் வீடும் இருக்காது, பணமும் இருக்காது. மார்க்கம் அனுமதிக்கும் வடிவம் எளியவரை வெறுங்கையாக்கி, வசதியுள்ளவரின் கடனை அடைத்துக் கொடுக்கிறது. இதை மூடி மறைத்து எழுதியிருந்தால் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். நான் அதைத் திறந்து எழுதினேன். வட்டியைத் தடுத்த மார்க்கம் அத்தோடு நிற்கவில்லை; ஸகாத்தையும் வட்டியில்லாமல் கொடுக்கும் அழகிய கடனையும் கூடவே வைத்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் தடையின் பாரம் முழுக்க மாமி மாதிரியானவர்களின் தலையில் விழும். ஆகவே ஒத்தியைத் திருத்துவது வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் மட்டும் தீர்கிற காரியம் இல்லை, ஜமாஅத்தின் பொதுநிதியான பைத்துல்மால் மூன்றாவது ஆளாக வந்து நிற்க வேண்டும் என்று எழுதினேன். மகள் கல்யாணத்துக்கு வீட்டை ஒத்திக்கு விடப் போகிறவருக்கு முதலில் அங்கே கடன் கிடைக்க வேண்டும். மாமியின் நாலு லட்சம் ஒரு கடையிலோ வீட்டிலோ பங்காகப் போட்டு வைக்கப்பட வேண்டும், அதில் வரும் ஆகுமான வருமானத்தில் அவர் வாடகை கொடுக்க வேண்டும். அந்த வருமானம் 15 சதவீதத்துக்கு ஈடாக வராது. குறையும் தொகையை யார் தாங்குவது என்பதையும் ஸகாத் பகுதியில் எழுதினேன். கைம்பெண் என்பதாலேயே ஸகாத் சேராது, வறியவராக இருந்தால் சேரும்.

வெளிநாட்டு உறவுகளையும் இதில் சேர்த்தேன். சிங்கப்பூரில் 1941-லேயே எங்கள் பக்கத்து ஊரான கடையநல்லூர்க்காரர்கள் முஸ்லிம் லீக் என்ற பெயரில் சங்கம் அமைத்து, பின்னால் தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தினார்கள். இந்த வட்டாரத்துக்காரர்களுக்குக் கூட்டாகப் பணம் திரட்டிப் பொதுக்காரியம் செய்யத் தெரியும். பள்ளிவாசல் மினாராவுக்கு வருகிற பணத்தில் ஒரு பகுதி இந்த நிதிக்கு வந்தால் போதும் என்று எழுதினேன். மதிப்பீட்டாளர் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அது அப்படியே அச்சாகியது.

கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதைத் தமிழில் சுருக்கி எழுதி, மத்ரஸா கூடத்தில் பெண்கள் கூடும் ஒரு மாலையில் வாசித்தேன். அட்டவணைகளை எல்லாம் விட்டுவிட்டு ஐயாயிரம் வாடகை, நாலு லட்சம் ஒத்தி என்ற ஒரே கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். எண்பது மாதக் கணக்கு வந்ததும் கூடம் சலசலத்தது. "அப்ப நாங்க என்ன செய்ய?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஹஜரத், நிர்வாகத்திடம் பைத்துல்மால் பற்றிப் பேசுவதாகச் சொன்னார். பேசினார் என்றும், வரவு செலவைப் பார்த்துச் சொல்வதாக அவர்கள் சொன்னார்கள் என்றும் பிறகு தெரிந்தது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமியும் வந்திருந்தார். எல்லோரும் போன பிறகு கிட்டே வந்து, "பத்திரத்த ரிஜிஸ்தர் பண்ணணும்னு சொன்னியே, அந்தச் செலவ யாரு குடுப்பா? எனக்குக் கெடு வருது. வீட்டுக்காரரு புதுசா எழுதலாம்னு சொல்லுதாரு" என்றார். ஒத்தித் தொகைக்கு விழுக்காட்டுக் கணக்கில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. நாலு லட்சத்துக்கு அது மாமி சுற்றும் பீடியில் பல மாதக் கூலி. பத்திர எழுத்தரிடம் அவரை அழைத்துப் போனேன். இருவரும் பாதிப் பாதி கொடுப்பதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். மாத வாடகை இவ்வளவு, அதில் இரண்டாயிரம் ரூபாய் மாதாமாதம் அசலில் கழியும் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று மாமிதான் கேட்டார். "அதுக்கு மேல என்னால ஆவாது. அவ்வளவாவது தள்ளட்டும்" என்றார். வீட்டுக்காரர் முதலில் புரியாமல் பார்த்தார். தனக்கு லாபம்தான் என்று தெரிந்ததும் சம்மதித்தார். வாடகையில் ஒரு பகுதி மட்டும் அசலில் கழிவது, சட்டம் சொல்லும் மூன்றாவது வகை. என் கட்டுரையில் அதற்கு ஒரு வரிக்கு மேல் நான் இடம் கொடுக்கவில்லை. பகுதி கழித்தால் மிச்சமும் ஆகுமானதாகுமா, அந்தப் பகுதி எவ்வளவாக இருக்க வேண்டும் என்று ஹஜரத்திடம் கேட்டிருக்கிறேன். அவர் கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த கட்டுரைக்கு அந்தப் பத்திரத்தின் நகலை மாமியே எடுத்துக் கொடுத்தார், பெயரை மட்டும் அழித்துவிட்டு.